எதிர்வீட்டுப் பெண் கேட்ட கேள்விகள்

என் அக்கா வீட்டு கேஸ் சிலிண்டரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மாட்டிய சிலிண்டர், ஆடி மாதம் வந்தும் தீரவில்லை. கூட்டேரிப்பட்டுப் பக்கம் அவள் குடியிருந்த தெருவே அதை மெச்சியது. "சிக்கனம்னா உங்க அக்காகிட்டதான் கத்துக்கணும்" என்று என்னிடமே சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் செத்து, மகனும் வெளியூர் வேலைக்குப் போன பிறகு, அவள் அடுப்புப் பற்றவைப்பதே அபூர்வம். சாப்பிடாதவளுக்குச் சிலிண்டர் எப்படித் தீரும்? இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். ஆனாலும் ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்குத் திண்டிவனத்தில் டூவீலர் ரிப்பேர் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கப் போவேன். நெஞ்சு படபடப்பு, தலை எரிச்சல், தூக்கமில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடையாய் நடந்தாள். பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள், கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். "வயசாச்சு இல்லம்மா" என்றார்கள்.

பிறகு சர்க்கரை, பிரஷரோடு மனசையும் விசாரிக்க வேண்டும் என்று வீடு வீடாக ஆள் அனுப்பினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா தெருவுக்கு யாரை அனுப்பினார்கள்? அவள் எதிர்வீட்டு மருமகளை. தெரிந்த முகம் என்றால் மனசுவிட்டுப் பேசுவார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார். அந்த யாரோ ஒருநாளும் அப்படியொரு தெருவில் குடியிருந்ததில்லை.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் மாமியாரும் முறத்தில் உரிக்க மல்லாட்டைக் கடலையோடு கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அத்த, ரெண்டு வாரமா மனசு சோர்வா இருக்குதா?"

"எனக்கு இன்னாடி கொறச்சல்? நல்லாத்தான் இருக்கேன்."

"தூக்கம்?"

"படுத்தா பொணம்."

"பசி எடுக்குதா?"

"உங்க வூட்டுக் கொழம்பு வாசனைக்கே எடுக்குது. ஒரு கிண்ணம் குடுத்தனுப்பு."

மாமியார்க்காரி சிரித்தாள். "இவளுக்கு இன்னா கவல? புள்ள சம்பாரிக்கிறான், ராணியாட்டம் இருக்கா."

கடைசிக் கேள்விக்கு அந்தப் பெண்ணே கூச்சப்பட்டாள். "கேக்கச் சொல்லிக்கிறாங்க அத்த, தப்பா நெனைக்காத. வாழவே வேணாம்னு தோணுதா?"

அக்கா ஒரு கணம் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "உங்க மாமியா எங்கிட்ட வாங்கிக்கினு போன இட்லிக் குண்டானத் திருப்பித் தரட்டும். அப்புறம் போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவளால் வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பொழுது சாய்வதற்குள் குழாயடிப் பேச்சில் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அவர்கள் போனதும் நான் கத்தினேன். ஏன் பொய் சொன்னாய் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், நெஞ்சுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கலாம் என்று சொல்லி விழுப்புரத்துக்கு பஸ் ஏற்றினேன். அங்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு நர்ஸ் அதே கேள்விகளை ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, "அண்ணா, நீங்க வெளிய இருங்க" என்றாள்.

"நான் அவ கூடப்பொறந்த தம்பிம்மா."

"அதான் வெளிய இருங்கன்றேன்."

கதவைச் சாத்திவிட்டாள். வெகுநேரம் திறக்கவில்லை. அக்கா வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "பூரி வாங்கிக் குடுடா, பசிக்குது" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அவங்ககிட்ட இன்னா சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"அத எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"உங்கிட்ட சொன்னா நீ கத்துவ. தெருவுல சொன்னா சிரிப்பாங்க. அந்த நர்ஸ் பொண்ணு யாரோ. நாளைக்கு என் எதிர்ல வரப்போறதில்ல."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு மாதாமாதம் விழுப்புரம் போனாள். தெருவில் முட்டி வலிக்கு வைத்தியம் என்று சொல்லி வைத்தாள். மாத்திரை சாப்பிட்டாள். தூங்கினாள். மெல்ல மெல்ல அடுப்பு எரிய ஆரம்பித்தது. அடுத்த பொங்கலுக்கு முன்பே புது சிலிண்டர் கேட்டாள். மகன் கல்யாணத்தை நின்று நடத்தினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன சொன்னாள் என்பதை மட்டும் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டாள். சாவு வீட்டில் எதிர்வீட்டு மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல ஒரு கவல இல்லாத பொம்பளப்பா" என்று அழுதாள். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அவள் அவ்வளவு பாடுபட்டு மூடி வைத்ததை நான் யார் திறக்க?

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சோறு இறங்குவதில்லை, தூக்கமும் சரியில்லை. போன மாதம் எங்கள் தெருவிலும் ஒரு பெண் போனோடு வந்தாள். என் வாடிக்கையாளரின் மனைவி. "நல்லாத்தான் இருக்கேன், ஜல்தியா எழுதிக்கினு போம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.