நிற்கும்போது எரிந்த லைற்

சிமியோன் குருநகரில் பிறந்தவர். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி வரும். எத்தனையோ தரம் ஏற்றிப் பார்த்துவிட்டு, பதினாறு வயதில் ஒரு கராச்சில் கொண்டுபோய் விட்டார்கள். எஞ்சின் வேலையை விட வயர் வேலைதான் அவருக்குப் பிடித்தது. எங்கோ ஓரிடத்தில் அறுந்த ஒரு கம்பியைத் தேடிக்கொண்டு நாள் முழுக்கக் காருக்கு அடியில் கிடப்பார். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். அந்தப் பொறுமை ஒரே ஒரு நாள்தான் அவருக்கு இல்லாமல் போனது.

எண்பத்தாறாம் ஆண்டு குருநகரில் இராணுவத்தின் செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது மனைவி அற்புதராணியோடு மருதனார்மடத்துக்கு இடம்பெயர்ந்தார். பிள்ளைகள் இல்லை. தெரிந்தவர்களும் இல்லை. சந்தையடியில் ஒரு பாயோடும் இரண்டு பையோடும் நின்ற அவர்களைக் கண்டு, காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனவர் இராசநாயகம். வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர், சிமியோனை விட எட்டு வயது இளையவர். தன் வீட்டின் பின் அறையை ஒழித்துக் கொடுத்தார். இரண்டு கிழமைக்கு என்று போனவர்கள் ஒன்பது வருடம் அங்கேயே இருந்தார்கள்.

இராசநாயகத்தின் மனைவி பாலேஸ்வரிக்குச் சின்ன வயதிலேயே இருதய வால்வு பழுது. கிணற்றடியில் இருந்து குசினிக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு எடுப்பாள். ஆனால் வாய் ஓயாது. அற்புதராணிக்கு அவள் கூடப்பிறவாத தங்கச்சி. சைவக்காரரான அந்த வீட்டாருக்காக வெள்ளிக்கிழமைகளில் சிமியோனும் மனைவியும் மீன் சமைக்கமாட்டார்கள். கிறிஸ்தவர்களான இவர்களின் பெரிய வெள்ளி வந்தால் பாலேஸ்வரி தானாகவே அடுப்பை மூட்டாமல் விட்டுவிடுவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் வருவது நின்றது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை வைத்து எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இராசநாயகத்தின் பழைய மொறிஸ் மைனரும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு நோயாளிகளையும், சந்நிதி கோயிலுக்குப் போகிறவர்களையும் ஏற்றி ஓடியது.

தொண்ணூற்றைந்து ஆவணியில், தொண்டைமானாற்றுக்குப் போய்த் திரும்பிய ஒரு பின்னேரம், ஸ்ரேறிங்குக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் லைற் எரிவதாக இராசநாயகம் வந்து சொன்னார். எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரிய வேண்டிய லைற் அது. எப்போது எரிகிறது என்று சிமியோன் கேட்டார்.

“குழியிலை விழேக்கையும் எரியுது, சந்தியிலை நிக்கேக்கையும் எரியுது அண்ணை. பிறகு தானா நூருது.”

சிமியோன் முதலில் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். ஒயில் நிறைய இருந்தது. மட்டக் கோட்டுக்குச் சற்று மேலேயே நின்றது. பிறகு வயரைத் தொடர்ந்து போனார். எஞ்சினில் இருந்து உள்ளே போகும் துளையில், தகர விளிம்பில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்திருந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் செம்பு தகரத்தில் பட்டு லைற்றை எரிய வைத்திருக்கிறது. கையால் அசைத்தார், எரிந்தது. விட்டார், நூர்ந்தது. தேய்ந்த இடத்துக்கு ரேப் சுற்றி, துளைக்கு றப்பர் துண்டு ஒன்று வெட்டி வைத்தார்.

எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அது அவருக்குத் தெரியும். ஆனால் போத்தலில் நாலு விரல் பெற்றோல்தான் இருந்தது. பாலேஸ்வரிக்கு மூச்சு முட்டினால் ஆசுபத்திரிக்கு ஓட அது வேண்டும் என்று இராசநாயகம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதைக் கேட்க மனம் வரவில்லை.

“வயர்தான் இராசநாயகம். பயப்படாமல் ஓடும்,” என்றார்.

குழியில் விழும்போது எரிந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நிற்கும்போது எரிந்ததை அவர் அத்தோடு மறந்துபோனார். வேலை குறைந்த காலம். அதற்குப் பிறகு கார் தூர ஓட்டம் போகவில்லை. லைற்றும் எரியவில்லை.

ஐப்பசிக் கடைசியில், ஆமி வருகிறது, ஊரை விட்டு எல்லோரும் உடனே பாலத்துக்கு அப்பால் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வடக்கே செல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. இராசநாயகம் காரை வெளியே எடுத்தார். பின் சீற்றில் பாலேஸ்வரியைச் சாய்த்து, பக்கத்தில் அற்புதராணியை இருத்தினார். சிமியோன் தான் சைக்கிளில் வருவதாகச் சொன்னபோது, நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எனக்குத் துணிவு என்று பிடிவாதமாக முன் சீற்றில் ஏற்றிக்கொண்டார்.

தெரு முழுக்கச் சனம். மழை வேறு. கார் நடக்கிறவர்களின் வேகத்தில்கூடப் போகவில்லை. அடுத்த நாள் விடிந்தபோதும் அவர்கள் அரியாலை தாண்டவில்லை. எஞ்சின் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் திரும்ப எழுப்ப, பொத்தி வைத்திருந்த பெற்றோலும் முடிந்திருந்தது.

அங்கேதான் மஞ்சள் லைற் எரிந்தது.

இராசநாயகம் திரும்பிப் பார்த்தார். சிமியோன் அந்த லைற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். குழி இல்லை, குலுக்கம் இல்லை. கார் நிற்கும்போது எரிகிறது. அக்சிலேற்றரைக் காலால் அமத்தினால் நூருகிறது, விட்டால் திரும்ப எரிகிறது. முப்பத்தைந்து வருடம் இந்த வேலை செய்தவருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. வயர் அப்படி எரியாது. எஞ்சினுக்குள் ஒயில் ஏறவில்லை.

“அண்ணை, திரும்ப எரியுது.”

“அந்த வயர்தான். ரேப் இளகியிருக்கும். நீர் காரை ஓடும்.”

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு அவர் தன்னையே பல தரம் கேட்டிருக்கிறார். பின்னால் இருந்த பாலேஸ்வரி பயந்துவிடுவாள் என்று நினைத்தது உண்மை. பாலம் தாண்டிக் கைதடி வரைக்கும் தாக்குப்பிடிக்கும் என்று நம்பியதும் உண்மை. ஆனால், தான் பார்த்த வேலை பிழை என்று அந்த மனிதருக்கு முன்னால் சொல்ல வாய் எழவில்லை. அதுதான் பெரிய உண்மை.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து இறங்கும்போது எஞ்சினுக்குள் கல்லை அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து அடி போயிருக்கும். ஒரு முறுகலோடு இறுகி நின்றுவிட்டது. பின்னால் உழவு இயந்திரங்கள், மாட்டுவண்டிகள், ஆயிரக்கணக்கான சனம். யாருக்கும் நிற்க நேரமில்லை. நாலைந்து பேர் சேர்ந்து, ஆட்களோடேயே காரைத் தெருக்கரைக்குத் தள்ளினார்கள். முன் சில்லு இரண்டும் சேற்றுக்குள் இறங்கிப் புதைந்தன. இராசநாயகமும் சிமியோனும் எவ்வளவு முயன்றும் அசையவில்லை. கை கொடுக்க ஆளும் கிடைக்கவில்லை.

பாலேஸ்வரி இறங்கி நடந்தாள். ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் சிமியோன், இருவரின் தோளையும் பிடித்துக்கொண்டு மழைக்குள் நடந்தாள். ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பேச அவளுக்கு மூச்சு இல்லை. அவள் பேசாமல் இருந்ததை அற்புதராணி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டாள். கைதடியில் ஒரு பள்ளிக்கூடத்தை அடைய மத்தியானம் தாண்டிவிட்டது. கால்கள் வீங்கி, உதடு நீலம் பாரித்திருந்தது. வந்து பார்த்த டொக்டர், நடக்க வைத்திருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் காலை, பிள்ளைகள் இருக்கும் வாங்கு இரண்டைச் சேர்த்துப்போட்ட படுக்கையில், புருஷனின் மடியில் தலை வைத்தபடி அவள் செத்துப்போனாள்.

சுடலையில் இருந்து வந்த ஆண்களோடு சிமியோனும் நின்றார். இராசநாயகம் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். “எங்கடை கார் கைவிட்டிட்டுது அண்ணை” என்றுதான் சொன்னார். கார் என்றுதான் சொன்னார்.

ஒரு கிழமை கழித்து, சிமியோன் யாருக்கும் சொல்லாமல் பாலத்தடிக்குப் போனார். கார் சேற்றுக்குள் அப்படியே கிடந்தது. கீழே படுத்து, ஒயில் தொட்டியின் அடித் திருகாணியைக் கழற்றினார். ஒயில் கொழகொழவென்று விழவில்லை, தண்ணீர் மாதிரிப் பாய்ந்தது. கையில் ஏந்தி மணந்து பார்த்தார். மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் இத்தனை வருடமாக எஞ்சினுக்குள்ளே கசிந்து ஒயிலோடு கலந்திருக்கிறது. அதனால்தான் மட்டம் குறையாமல் கூடிக்கொண்டு போயிருக்கிறது. ஆவணியில் அந்த ஒயில் பார்க்கும் கம்பியை ஒரு தரம் மூக்கருகே பிடித்திருந்தால் போதும். எஞ்சினைச் சூடாக்கத் தேவையில்லை. பெற்றோலும் தேவையில்லை.

சேற்றுக்குள் இருந்து எழும்ப அவருக்குக் கனநேரம் பிடித்தது.

அற்புதராணியிடம் சொன்னார். வேண்டாம், செத்தவள் திரும்பி வரமாட்டாள், அந்த மனிசனை இன்னும் நோகடிக்காதேங்கோ என்று அவள் அழுதாள். இவர்கள் இருவரும் அப்போது சாவகச்சேரிக்கு மாறி ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தார்கள், இராசநாயகம் கைதடிப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார். முப்பத்தோராம் நாள் காரியங்கள் முடியும்வரை சிமியோன் பொறுத்தார். அதற்கு அடுத்த நாள் ஒரு இரவல் சைக்கிளில் கைதடிக்குப் போனார்.

இராசநாயகம் பள்ளிக்கூட மதிலோரம் உட்கார்ந்து மனைவியின் சீலையொன்றை மடித்துக்கொண்டிருந்தார். சிமியோன் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். ஒயிலைப் பற்றி, கம்பியைப் பற்றி எல்லாம் சொன்னார். இராசநாயகம் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிழை விடாத மனிதர் யார் என்றுகூடச் சொன்னார்.

“அதில்லை இராசநாயகம். அரியாலையிலையே எனக்குத் தெரியும். வயர் இல்லை எண்டு தெரிஞ்சுதான் வயர் எண்டனான்.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அப்ப சொல்லியிருந்தால், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருப்பம் தானே? சனம் நடந்த வேகம்தானே. அவள் உள்ளுக்கை இருந்திருப்பாள்.”

“ஓம்.”

இராசநாயகம் சீலையை மடித்து முடித்து, பைக்குள் வைத்தார். எழுந்தார்.

“இனி இஞ்சை வராதேங்கோ அண்ணை,” என்றார். குரல் உயரவில்லை. வழமையாகக் கதைக்கும் அதே மரியாதையோடுதான் சொன்னார்.

சிமியோன் வரவில்லை. சாவகச்சேரியில் உழவு இயந்திரங்களுக்கு லைற் பூட்டும் வேலை கிடைத்தது, செய்தார். மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கேடு நினைத்துச் செய்யவில்லையே, மனதைத் தேற்றிக்கொள் என்று சுவாமியார் சொன்னார். அவர் சொன்ன செபங்களைச் சிமியோன் முழந்தாளில் நின்று சொல்லி முடித்தார். மனம் தேறவில்லை.

நத்தார் முடிந்ததும், இருக்கமாட்டாமல் திரும்பவும் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு கைதடிக்குப் போனார். இராசநாயகம் இருந்த மூலையில் வேறொரு குடும்பம் பாய் விரித்திருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, அவர் நாலு நாளைக்கு முன் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போய்விட்டார் என்று சொன்னாள்.

யாரும் தேடி வந்தால் சொல்லச் சொல்லி அவர் ஏதும் சொன்னாரா என்று சிமியோன் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “இல்லை, ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள்.