கையெழுத்து வைக்காத கிழவி

சுவிஸில், ஊஸ்டர் நகரத் திரையரங்கில், ஓய்வூதியக்காரருக்கென்று பிற்பகல் காட்சி போடுவார்கள். இடைவேளையில் கோப்பியும் ஆப்பிள் கேக்கும் உண்டு. பாதிப்பேர் வருவது அதற்குத்தான்.

அன்று ஓர் இளம் ரஷ்யரின் படம். அவருடைய முதல் படம் என்று யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தால் அது கொதிக்கும்வரை கமெரா அசையாது. கொதித்தபோது என் வரிசையில் இரண்டுபேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

கதை இவ்வளவுதான். ஒரு கிழவியின் மகன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொள்ளும் பத்திரத்தோடு அதிகாரி வருகிறார். கிழவி மறுக்கிறாள். பனி கொட்டுகிறது. அதிகாரி மறுபடி வருகிறார். மறுபடியும் பனி.

நான் பல வருடம் அலுவலகங்களில் மொழிபெயர்த்தவன். அந்த அதிகாரியைப் பார்க்கச் சகிக்கவில்லை. கையில் கோப்பு இல்லை, மறுப்பைப் பதியவில்லை, காலக்கெடு சொல்லவில்லை. இயக்குநர் தன் வாழ்நாளில் ஒரு விண்ணப்பத்தையாவது தானே நிரப்பியிருக்க மாட்டார்.

மனைவிக்குத் திரையின் கீழே ஓடும் ஜெர்மன் எழுத்துகளை வேகமாக வாசிக்க வராது. காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். "விளங்குது, சும்மா இருங்கோ" என்றாள்.

மறுநாள் காலை இலங்கைத் தூதரகத்தில் எங்களுக்குத் தெர்மின், அதாவது முன்பதிவு செய்த நேரம், இருந்தது. போரின் கடைசி நாட்களில் காணாமல் போன அவளுடைய தமையனுக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க வேண்டும். ஊரில் உள்ள காணியின் உறுதி அவர்கள் இருவர் பெயரிலும் கிடக்கிறது. சத்தியக்கடதாசியில் அவள் ஒப்பமிட வேண்டிய இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டி வைத்திருந்தேன். ஒரு கிழமையாக அவள் சரியாகக் கதைக்கவில்லை. படம் பார்த்தால் மனம் இலேசாகும் என்று கூட்டிப்போனேன். அடிக்குறிப்புவரை வாசிக்கிற நான், நிகழ்ச்சித்தாளில் படத்தின் கதையை விட்டுக் கேக்கை மட்டும் வாசித்திருக்கிறேன்.

இங்கே வழக்கம்போல ஒரு காட்சியின் நடுவிலேயே இடைவேளைக்கு வெளிச்சம் போட்டார்கள்.

"கிழவி முதல் நாளே கையெழுத்தை வைச்சிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பனி பார்க்க வேண்டி வந்திராது" என்றேன்.

அவள் கேக்கை முள்ளுக்கரண்டியால் இரண்டாக வெட்டினாள்.

"நாளைக்கு நான் தூதரகத்துக்கு வரேல்லை."

"நீர் வராமல் அலுவல் நடக்காது."

"ஓம், தெரியும். அண்ணை செத்துப்போனார் எண்டு நான் எழுதிக் குடுக்க மாட்டன். அந்த மனுசி குடுக்கேல்லைத்தானே."

தெர்மினை ரத்துச் செய்ய ஒரு முழுநாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது. ஆனாலும் கைத்தொலைபேசியை எடுத்தேன். தூதரகத்தின் இணையப்பக்கம் காரணம் கேட்டது: நோய், பயணம், வேறு. 'வேறு' என்பதை அழுத்தினேன்.

இரண்டாம் பாதியிலும் பனிதான். கிழவி கடைசிவரை அசையவில்லை. படம் அரைமணி நேரமாவது கூடுதல் நீளம். பெயர்கள் ஓடி முடியும்வரை மனைவி எழும்பவில்லை. நான் அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.