வெளுத்துக் கட்டிய விளக்கு

ஐம்பத்து மூன்று வயதுவரை அவர் வளர்த்தது தொப்பை ஒன்றைத்தான். எதுவும் சற்றுத் தாமதமாகவே விளங்கும் என்பதால், அந்தத் தையல்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் டியூப்லைட். அவரும் சிரித்துக்கொண்டே மெஷினை மிதிப்பார்.

வேலை மாறி வெளியூர் போன தங்கை, தன் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டியை அவர் கடையில் இறக்கிவிட்டுப் போனாள். உள்ளே உயிருள்ள கடல் பவளம் ஒன்றே ஒன்று, தேன் நிறத்தில், உள்ளங்கை அகலம். நகமளவு துண்டிலிருந்து அவள் வளர்த்தது.

"பத்திரம்ணா. வீடு அமைஞ்சதும் வந்து எடுத்துக்கறேன்."

வெளிச்சம்தான் அதற்குச் சாப்பாடு என்று அவள் சொன்னது மட்டும் அவர் மனதில் நின்றது. பழைய விளக்கு மங்கலாகப் பட்டது. பெரிய எல்.இ.டி. ஒன்றை வாங்கிப் பொருத்தி, கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை முழுவீச்சில் எரியவிட்டார். தங்கை வரும்போது பவளம் இரண்டு மடங்காகியிருக்க வேண்டும்.

சில நாட்களில் அது பளிச்சென்று ஆனது.

"டியூப்லைட்டண்ணே, வெளுத்துக் கட்டுறீங்க போங்க!" என்றார் பேண்ட் பிடிக்கக் கொடுக்க வந்த கண்டக்டர். டியூப்லைட்டுக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி தொட்டி முன் நின்றாள். "என்னங்க, நிஜமாவே வெளுக்குது. நிறத்தையே காணோம். உங்க தங்கச்சிக்குப் போனைப் போடுங்க."

போட்டார். புது விளக்கின் கதையைக் கேட்டதும் தங்கை விளக்கினாள்.

"அண்ணா, அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெளிச்சத்துல அதுக்குச் சமைச்சுப் போடுறதே அந்தப் பாசிதான். நிறமும் பாசியோடதுதான். திடீர்னு அடுப்பை இப்படி எரியவிட்டா சமையல்காரன் ஓடமாட்டானா?"

"செத்துப்போச்சாம்மா?"

"மேல குட்டிக் குட்டி வாயெல்லாம் விரியுதா, பாரு."

கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். "விரியுது! விரியுதும்மா!"

"அப்ப உயிர் இருக்கு. விளக்கை உயர்த்திக் கட்டு, வெளிச்சத்தைக் குறை. தேறினதும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம். பேருக்கேத்த மாதிரி மெதுவா எரிஞ்சிருக்கலாம்ல நீ?"

இப்போது விளக்கு ஒரு முழம் மேலே, மங்கலாகத் தொங்குகிறது. பவளத்தின் ஓரத்தில் கடுகளவு தேன் நிறம் திரும்பியிருக்கிறது. தங்கைக்கு வீடு அமைந்துவிட்டது. அடுத்த மாதம் பார்த்துப்போக மட்டும் வருகிறாள். பவளத்தை எடுத்துப்போகப் போவதில்லை. முழுசாகத் தேறும்வரை அதை இடம் மாற்றக் கூடாதாம்.