மஞ்சூரும் மஜ்தூரும்

அந்தமானில், பாம்பூஃப்ளாட் பஞ்சாயத்தில் நான் வார்டு மெம்பர். கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்தையும் ஹிந்தியில் வாசித்துவிட்டு "மஞ்சூர் ஹை?" என்பார்கள். சம்மதமா என்று அர்த்தம். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வேன். மெம்பரம்மாவுக்குக் காது மந்தம் என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அக்கரையில் ஒரு இறால் கம்பெனியில் ஓடு உரித்துக்கொண்டிருந்தேன். ஐஸில் விரல்கள் மரத்துப் போகும். கத்தி கீறினால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். நாற்பது பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்தோம். வாய்த்துடுக்கு அதிகம் என்பதால் என்னைத் தலைவியாக்கினார்கள். ராமநாதபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, ஹிந்தி அரைகுறை. அதை நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. நான் ஒரு சொல் சொன்னால் எல்லோரும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பழக்கி வைத்திருந்தேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்து உரிப்பவளுக்கு அப்போது ஆறு மாதம். வயிறு தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அவளை நிறுத்தக் கூடாது என்று கேட்கத்தான் போனோம். மேனேஜர் ஒரு தாளை ஹிந்தியில் மடமடவென்று வாசித்தார். கம்ப்ரசர் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "மஞ்சூர் ஹை?" என்றார்.

என் காதில் "மஜ்தூர் ஹை?" என்று விழுந்தது. நீங்களெல்லாம் தொழிலாளிகளா என்று கேட்கிறான் என நினைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

"ஹை!" என்று கத்தினேன்.

"ஹை!" என்றார்கள் எல்லோரும். அவளும்தான்.

கர்ப்பிணிகளை நிறுத்தலாம் என்பதுதான் அந்தத் தாள்.

மறுநாள் அவள் இடம் காலி. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. காது ஏமாற்றிவிட்டது என்று சொன்னால், ஹிந்தி தெரியாத தலைவி என்று சிரிப்பார்கள். நான் கம்பெனிக்கு விலை போய்விட்டேன் என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்கு இந்தப் பேச்சே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் அக்கரைக்குப் போகும் சாத்தம் ஃபெரியில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள். வேறு இடமில்லாமல் எதிரே உட்கார்ந்தேன். ஏனோ சொல்லிவிட்டேன்.

"எனக்கு மஞ்சூர்னு கேக்கலடி. மஜ்தூர்னு கேட்டுச்சு."

"அன்னைக்கே தெரியும்க்கா," என்றாள். "நான் இங்க பொறந்தவ, எனக்கு ஹிந்தி தெரியாதா? நீ கத்துன கத்துலயே தெரிஞ்சுபோச்சு. நீயே வந்து சொல்லுவேன்னு, இவ பொறக்குற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கரை வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். ஃபெரிக்காரர் "உத்ரோ, உத்ரோ" என்று இறங்கச் சொல்லி இரண்டு தடவை கூவிய பிறகுதான் எனக்குக் கேட்டது.