முகம் கொடாத இரண்டு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் யாரும் நேராக நடக்க முடியாது. பூக்கடை வாளிக்கும் சிம் கார்டு விற்கிறவரின் குடைக்கும் நடுவே, தோளை ஒடுக்கி, சாய்ந்து சாய்ந்துதான் போக வேண்டும். அந்தச் சாய்வு உடம்பை விட்டுப் போவதற்குள் நான் ஒரு கடைவீட்டின் மாடிப்படியில் ஏறியிருப்பேன். கீழே பாத்திரக்கடை. மேலே, குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த இரண்டு சின்ன அறைகள். கதவைச் சாத்தியதும் சாலை பின்வாங்கிவிடும். எவர்சில்வர் அடுக்குகிற ஓசை மட்டும் தரை வழியாக ஏறி வந்துகொண்டிருக்கும்.

எந்த வேலையிலும் நிலைத்து நிற்காதவள் நான். துணைப்பாட வகுப்பு எடுத்தேன், விளம்பர வரிகள் எழுதினேன், கல்யாணப் பத்திரிகைக்குக்கூட வார்த்தை தேடிக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலைக்கும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் வந்தேன். தமிழ் தெரிந்தவர் வேண்டும், குழந்தை அழுதால் பதறாதவராக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலாவதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதை இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆய்வை நடத்தியவள் முப்பதைத் தாண்டிய பெண். யாழ்ப்பாண வழிக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இதே ஊரில், பிடோக்கில். ஆங்கிலத்தில் மழைபோல் பேசுவாள், தமிழில் படி பார்த்து இறங்குகிறவள்போல், நடுநடுவே இந்த ஊர் ‘லா’வைச் சேர்த்துப் பேசுவாள். “நான் சொன்னா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க” என்று அம்மாக்களை என்னிடம் தள்ளிவிடுவாள். குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்னால் முகத்தை வைத்து எப்படிப் பேசுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. முன்பு எடுத்த பதிவுகளில் தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவாம். அதனால்தான் தமிழர்கள் கூடுகிற தேக்கா சந்தைக்குப் பக்கத்திலேயே கடை போட்டாள்.

செய்முறை எளிது. குழந்தையை உயர நாற்காலியில் உட்கார வைத்து எதிரே அம்மா உட்காருவாள். எப்போதும்போல் விளையாடுவாள். பிறகு நாங்கள் கதவை மெல்லத் தட்டுவோம். தட்டியதும் அம்மா தன் முகத்தை நிறுத்திவிட வேண்டும். குழந்தையைப் பார்க்கலாம், சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. இரண்டு நிமிடம். மறுபடி தட்டினால் பழையபடி விளையாடலாம். எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் ‘உணர்ச்சி வெளிப்பாடற்ற முகபாவனை’ என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டினால் அம்மாக்கள் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குறிப்பை மூடி வைத்துவிட்டு, “பிள்ளைக்கு முகம் கொடுக்காம கொஞ்ச நேரம் இருங்க” என்றேன். உடனே புரிந்தது. புரிந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்வி. அதெப்படி?

பக்கத்து அறையில் நானும் அவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். இடப்பக்கம் அம்மாவின் முகம், வலப்பக்கம் குழந்தையின் முகம். என்ன பாடுபடும் அந்தக் குழந்தைகள். முதலில், இதுவரை ஒருமுறையும் பலிக்காமல் போகாத அந்தச் சிரிப்பை எடுத்து நீட்டும். அது பலிக்கவில்லை என்றதும் நம்பாது. தலையைச் சாய்த்துப் பார்க்கும், மேசையைத் தட்டும், கதவைப் பார்க்கும், தன் கையையே புதிதாகப் பார்க்கும், மறுபடி வந்து சிரிக்கும். பேச்சே இல்லாத ஓர் உயிர் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டுப் பார்ப்பதுபோல் இருக்கும். பிறகுதான் கீழுதடு பிதுங்கும்.

அம்மாக்கள் பாதிப் பேர் தோற்றுப்போனார்கள். ஒருத்தி உதட்டைக் கடித்தும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. ஒருத்தி முகத்தைக் கல்லாக வைத்திருந்தாள். நாங்களும் வியந்துபோனோம். அப்புறம் பார்த்தால், மேசைக்கு அடியில் கால்விரலால் பிள்ளையின் பாதத்தை வருடிக்கொண்டிருக்கிறாள்.

“தமிழ் அம்மாக்கள் என் டேட்டாவைக் கெடுக்கறதுக்குன்னே வர்றாங்க ஆன்ட்டி.”

“உங்கம்மா செஞ்சிருப்பாங்களா?”

“எங்கம்மாவா? அவங்க ரெண்டு நிமிஷம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை லா.”

அவளிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. பதிவு முடிந்து கிளம்புகிற அம்மாவிடம் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நல்லா இருக்கான், சூட்டிகையா இருக்கா, எதுவும் கூடாது. “நிறையக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தாத்தான் எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். ஒரு குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு அது இப்படின்னு சொன்னா அது ஜோசியம்” என்பாள். வாயில் வந்த நல்ல வார்த்தையை விழுங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிடுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிறு வந்தவள் உட்லண்ட்ஸில் இருக்கிறவள். திருச்சிப் பக்கம், கணவர் கப்பல் பட்டறையில் இன்ஜினியர். அவரைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டுத் தனியாகப் படியேறி வந்திருந்தாள், இடுப்பில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. நான் செய்முறையைச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தவள், முடிந்ததும் கேட்டாள்.

“அக்கா, இதுல பார்த்தாத் தெரிஞ்சிடுமா?”

“என்னம்மா தெரியணும்?”

“பாப்பா என்னைக் கைவிட்டுட்டாளான்னு.”

அவளே பேசினாள், குழந்தையின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே. “இவ பொறந்ததுலேர்ந்து ரொம்ப மாசம் நான் நல்லா இல்லக்கா. பால் குடுத்தேன், குளிப்பாட்டினேன், துணி மாத்தினேன், எல்லாம் செஞ்சேன். மூஞ்சி மட்டும் வரல. ஜன்னல் பக்கத்துல உக்காந்து காஸ்வே பாலத்துல லாரி போறதப் பார்த்துட்டே இருப்பேன். இவ கீழ பாயில கிடந்து என்னையே பார்த்துட்டிருப்பா. தடுப்பூசி போடப் போனப்ப நர்ஸ், ‘பிள்ளை இருக்கட்டும், நீங்க எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல, அழுதுட்டேன். அப்புறம் டாக்டர், மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் ஆச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆனா அந்த மாசமெல்லாம் போனது போனதுதானே? மூளை அப்பத்தான் வளருதுன்னு ஃபோன்ல போட்டிருக்கான்.”

“ஃபோன்ல என்னென்னமோ போடுவான்” என்றேன். யாருக்கும் உதவாத ஒரு வாக்கியம்.

உள்ளே போய் ஆராய்ச்சிக்காரியிடம் சொன்னேன். அவள் உடனே எழுந்து வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள்.

“வணக்கம் டாக்டர்.”

“நான் ஊசி போடற டாக்டர் இல்லைக்கா, பயப்படாதீங்க.” பிறகு மெதுவாக, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள். “அந்த முகம் காட்டாத பகுதி உங்களுக்கு வேண்டாம். இது பரீட்சை இல்லை. உங்களைப் பத்தி, பாப்பாவைப் பத்தி இதிலேர்ந்து என்னால ஒண்ணும் சொல்லவும் முடியாது.”

“அப்ப நான் எப்படித்தான் தெரிஞ்சிக்கறது?”

ஆராய்ச்சிக்காரி ஒரு கிலுகிலுப்பையை எடுத்து நீட்டி, “சும்மா விளையாடறீங்களா? அதுவும் விருப்பம் இருந்தா மட்டும்” என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள்.

திரையில் இரண்டு முகங்களும் வந்தன. அவள் கிலுகிலுப்பையை ஆட்டினாள். குழந்தை சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு அவள் கண் குழந்தையின் கண்ணுக்குப் போயிற்று, கைக்குப் போயிற்று, மறுபடி கண்ணுக்கு. எங்கே அந்தச் சேதம், எங்கே அந்தக் கீறல் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். தேடத் தேட அவள் சிரிப்பு வடிந்தது. கிலுகிலுப்பை மடியில் இறங்கியது. முகம் அப்படியே நின்றுவிட்டது. யாரும் கதவைத் தட்டவில்லை. வேண்டாம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்தது தானாகவே அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் பக்கத்தில் இருந்தவள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

குழந்தை சிரித்துப் பார்த்தது. முன்னால் சாய்ந்து மேசையை இரண்டு கையாலும் அடித்தது. பிறகு அது செய்ததை நான் வேறெந்தக் குழந்தையிடமும் பார்த்ததில்லை. இருமியது. நெஞ்சில் ஒன்றும் இல்லாத சுத்தமான பொய் இருமல். இருமிவிட்டு, வாயைத் திறந்தபடியே, அம்மாவின் முகத்தில் என்ன நடக்கிறது என்று காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இருமியது, இன்னும் கொஞ்சம் உரக்க. அந்தப் பெண்ணோ அதைப் பார்க்கவே இல்லை. குழந்தையை அவ்வளவு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை கூப்பிடுவது அவளுக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்காரி எழுந்து கதவுவரை போய் நின்றாள். “சொல்லக் கூடாதுதானே ஆன்ட்டி?” என்றாள். அது கேள்வி மாதிரியே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் குந்தி உட்காருவது திரையில் தெரிந்தது.

“அக்கா, உங்களைக் கூப்பிடறா.”

“ஆங்?”

“இருமறா பாருங்க. சளி இல்லை. உங்களைத்தான் கூப்பிடறா.”

அந்தப் பெண் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவள்போல் குழந்தையைப் பார்த்தாள். “பாப்பா” என்றாள். அதற்குள் பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. “பாப்பா. இங்க பாரு. தங்கம்.” கழுத்து இன்னும் அந்தப் பக்கம் திரும்பியது.

“பார்த்தீங்களா, பார்க்க மாட்டேங்கறா.” குரல் உடைந்துவிட்டது.

“கோபம்கா. இவ்வளவு நேரம் கூப்பிட்டு வரலைன்னா எனக்கும்தான் கோபம் வரும்.”

“அப்ப ஒண்ணும் ஆகலைங்கறீங்களா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன, இந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போகட்டுமே என்று இந்த அறையிலிருந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

“அது எனக்குத் தெரியாதுக்கா. தெரியாததைச் சொல்ல மாட்டேன்” என்றாள் அவள். “இப்ப பார்த்ததைச் சொல்றேன். கூப்பிட்டா. ரெண்டு தடவை கூப்பிட்டா. நீங்க வருவீங்கன்னு நினைச்சாத்தானே கூப்பிடுவாங்க?”

அந்தப் பெண் அதை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. வெகுநேரம் அந்தத் திரும்பிய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். “கோவமாம்ல மகாராணிக்கு” என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். நாற்காலியைச் சுற்றிக் குழந்தை பார்க்கிற பக்கம் போய் நின்றாள். குழந்தை இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. இந்தப் பக்கம் வந்தாள். அந்தப் பக்கம் திரும்பியது. “அடியேய், கழுத்து சுளுக்கிக்கும்டி.” இன்னொரு சுற்றுப் போனாள். பிறகு குழந்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, என்ன தோன்றியதோ, இருமினாள். அதே பொய் இருமல்.

குழந்தை திரும்பியது. மன்னித்துவிட்ட பார்வை இல்லை அது, இன்னும் வழக்கு பாக்கி இருக்கிற பார்வைதான். ஆனாலும் யோசித்து, யோசித்து, பதிலுக்கு ஒருமுறை இருமியது.

அவர்கள் பதிவு ஆய்வில் சேரவில்லை. சேர்க்கக்கூடிய எதுவும் அதில் இல்லை. ஆராய்ச்சிக்காரி ஓசைப்படாமல் வெளியே வந்து, சுவரில் சாய்ந்து நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். படியில் அடுத்த குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து பெரிய இருமலும் சின்ன இருமலும் மாறி மாறி வர, அந்த அப்பா தன் பையனை மார்போடு ஒதுக்கிக்கொண்டு, “உள்ள யாருக்குங்க உடம்பு சரியில்ல?” என்று கவலையாகக் கேட்டார்.

“யாருக்கும் இல்லை” என்றாள் அவள். “கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா. அவங்க பேசிக்கிட்டிருக்காங்க.”