நல்லா இருந்த ரோடு

பெரியம்மா வீட்டு ஆட்டுக்கொட்டகைப் படலுக்கு ஒரு திமிசுக் கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மண்ணைக் குத்தி இறுக்குவதற்கான கட்டை அது. கைப்பிடி இன்னும் வழவழவென்று இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் அதைப் பார்க்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். பாழாய்ப்போன கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

ஆண்டிமடம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து முந்திரிக்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். அந்தச் செம்மண் ரோட்டை நூறு நாள் வேலைப் பெண்கள் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு பராமரித்தவள், என் அம்மாவின் அக்காவான இந்தப் பெரியம்மாதான். வேலை நாளோ இல்லையோ, மழை விட்ட மறுநாள் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவாள். ஓரத்தில் தேங்கும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டி விடுவாள். குழியில் கிடக்கும் சேற்றை வழித்தெறிந்து, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசால் இடித்துவிட்டுத்தான் அடுத்த குழிக்கு நகர்வாள். யாராவது சும்மா மண்ணைத் தள்ளி மூடினால் போச்சு. "பள்ளத்துல கொட்டிட்டு வந்தா ஆச்சாடி? இட்லி மாவா அது, தானா உப்பி வர்றதுக்கு?" என்பாள். ரோட்டின் நடுப்பகுதி சற்றே உயர்ந்து இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். "ரோட்டுக்கு முதுகு இருக்கணும். இல்லன்னா தண்ணி ஏறிக் குந்திக்கும்." அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ரோட்டை நம்பித்தான் ஊருக்கு ஒரு மினி பஸ் வந்தது. அந்தப் பஸ்ஸை நம்பித்தான் அவளுடைய ஒரே மகள், என் தங்கச்சி, ஜெயங்கொண்டத்தில் காலேஜ் படித்தாள்.

நான் அப்போது ஒன்றிய ஆபீசில் ஓவர்சியர். தார் போட வேண்டிய ரோடுகளைப் படம் எடுத்துப் பட்டியல் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஊர் ரோட்டைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜினியர் சார் போனை வாங்கிப் பார்த்தார். "இது நல்லாத்தானய்யா இருக்கு? பக்கத்து ஊரப் பாரு, மாடே நடக்க மாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறையும் அதே பேச்சு. யாரும் கையே வைக்காமல் போட்டுவைத்த பக்கத்து ஊர் ரோட்டுக்குத் தார் வந்தது. அன்றைக்கு எனக்குப் புத்தி அப்படிப் போனது. நேராகப் பெரியம்மாவிடம் போய், இந்த ஒரு மழைக்கு மட்டும் ரோட்டைத் தொடாதே, கெட்டுப்போகட்டும், படம் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஏன்டா தம்பி, கூரைய ஒழுங்கா மேஞ்சு வச்சிருந்தா கவருமெண்டு காரை வூடு கெடையாதுங்கற மாதிரில்ல இருக்கு?" என்று சிரித்தாள். நான் விடவில்லை. ஊர் ஆம்பளைகளும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். உன்னால்தான் ஊருக்குத் தார் வரவில்லை என்று டீக்கடையில் வைத்தே ஒருவர் சொல்லிவிட்டார். பெரியம்மா போய்த் திமிசைக் கொட்டகைக்குள் போட்டாள்.

ஐப்பசி மழை நான்கே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. முதுகு கரைந்து, சக்கரத் தடம் முழங்கால் ஆழம் போனது. பஸ்ஸின் அடிப்பகுதி கல்லில் மோதி எண்ணெய் ஒழுகியது. டிரைவர் கும்பிடு போட்டுவிட்டு அதோடு நின்றுகொண்டார். நான் சந்தோஷமாகப் படம் எடுத்தேன். சந்தோஷமாகத்தான் எடுத்தேன், அதை இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது! மழைச் சேதம் என்று ரோடு அவசரப் பட்டியலில் ஏறியது, உடனே டெண்டரும் ஆனது. ஒப்பந்தக்காரர் பாதி தூரம் ஜல்லியைப் பரப்பிவிட்டுப் போனவர் வரவேயில்லை. அதில் மாட்டு வண்டிகூடப் போக முடியவில்லை.

தங்கச்சி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முந்திரிக்காட்டு வழியாக நடந்தாள். வீடு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் பெரியப்பா, "படிச்சது போதும், நிறுத்திக்க" என்றார். மறுநாள் பெரியம்மா தனியாகத் திமிசைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். ஜல்லியை ஒதுக்கி ஒரு தடமாவது போட்டால் பஸ் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். டெண்டர் விட்ட ரோட்டில் நூறு நாள் ஆட்கள் கை வைக்கக் கூடாது என்று ஆபீசில் கத்தினார்கள். அதைப் போய்ச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். போய்ச் சொன்னேன். அவள் திமிசைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். "நல்லா இருந்தப்பவும் தொடாதன்ன. நாசமாப் போனப்பவும் தொடாதங்கற. நான் எப்பதான்டா தொடுறது?" என்றாள்.

தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம் முடித்துத் திருமானூர்ப் பக்கம் அனுப்பினார்கள். இரண்டாம் வருஷப் புத்தகங்கள் இங்கேயே பரணில் கிடந்தன. தார் அதற்கப்புறம்தான் வந்தது, கல்யாணமாகி மூன்றாவது வருஷம்.

போன வாரம் தங்கச்சி குழந்தையோடு வந்திருந்தாள். பஸ் வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிட்டுப் போனது. ஊர் வளைவில் தார் பெயர்ந்து, தண்ணீர் குளமாக நின்றது. போட்டவர்கள் ஓரத்து வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள். நான்கு வெட்டு வெட்டினால் வடிந்துவிடும். பெரியம்மா படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொட்டகைப் படலில் சாய்ந்து திமிசு நின்றது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "தண்ணி நிக்குது பெரியம்மா" என்றேன்.

"உன் ரோடுதான தம்பி," என்றாள். "படம் எடுத்துக்க."