அப்பாவின் தப்பும் இஸ்தோப்புத் தகரமும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை எழுப்பும் தப்புப் பறையை அடித்தவர் என் அப்பா. தப்புச் சத்தம் கேட்டுத்தான் லயத்தின் வரிசை வீடுகளே எழும்பும். கேட்டதும் தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லோரும் பெரட்டுக் களத்துக்குப் போவார்கள். அங்கேதான் அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று கங்காணி சொல்லுவார்.

குளிரில் தப்பின் தோல் தொய்ந்து கிடக்கும். அப்பா இஸ்தோப்பில், அதாவது எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னால் தகரம் அடித்து மறைத்த இடத்தில், விறகு மூட்டித் தோலைக் காய்ச்சுவார். சூடு ஏறியதும் தோல் விறைத்துக்கொள்ளும். விரலால் தட்டிப் பார்ப்பார். பிறகு குச்சியால் முதல் அடி. அந்த அடிக்கு என் தங்கச்சி எழும்பி ஓடிவருவாள். இஸ்தோப்பிலேயே, தகரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு படுப்பது அவள் வழக்கம். வந்ததும் தப்பின் தோலில் உள்ளங்கையை வைப்பாள். சிரிப்பாள். அப்பா அதற்காகவே இன்னும் இரண்டு அடி கூடுதலாகப் போடுவார்.

அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. எழும்பிய பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. காய்ச்சல் நாக்கைக் கட்டிவிட்டது என்று லயத்தில் சொன்னார்கள். காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தப்பு அடித்தால் எழும்புகிற பிள்ளைக்குக் காது எப்படிக் கேட்காமல் போகும்?

ஏழு வயதில் அவளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அது ஒரே அறை, ஒரே வாத்தியார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவள் தண்டனையாக முழங்கால் போடத் தொடங்கினாள். ஒருநாள் வாத்தியார் அப்பாவையும் என்னையும் பாதையில் நிறுத்திச் சொன்னார்.

“தப்பு அடிச்சா எழும்பி ஓடியாறா. நான் பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறா. இதுக்குப் பேரு செவிடு இல்லப்பா, திமிரு.”

“அக்காக்காரிகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டதுங்க,” என்றார் அப்பா, என்னைக் காட்டி.

எனக்குத் திமிர் இருந்ததை மறுக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு நிற்காமல் தலவாக்கலை டவுனுக்குப் பஸ் ஏறிப் படிக்கப் போனவள். எங்கள் லயத்தில் சப்பாத்துப் போட்டுப் பள்ளிக்குப் போனது நான் ஒருத்திதான். சேறாகிவிடும் என்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, பஸ் நிற்கிற இடத்தில் காலைக் கழுவிப் போட்டுக்கொள்வேன்.

எட்டாம் வகுப்பில் விஞ்ஞான டீச்சர் ஒலியைப் பற்றிப் பாடம் எடுத்தார். ஒரு பொருள் அதிர்ந்தால் அதைச் சுற்றியுள்ள காற்றும் அதிரும். காற்று நெருங்கியும் விலகியும் அந்த அதிர்வை முன்னே தள்ளிக்கொண்டு போகும். அது காதுக்குள் போய் அங்கே இழுத்துக் கட்டியது போல் இருக்கிற மெல்லிய சவ்வை அசைக்கும். அதற்கு அப்பால் மூன்று சின்ன எலும்புகள், நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு குழல், அதிலிருந்து மூளைக்கு நரம்பு. டீச்சர் அந்தச் சவ்வின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார்: செவிப்பறை.

பின்னால் இருந்த டவுன் பிள்ளை ஒருத்தி என் தோளைச் சுரண்டினாள்.

“ஏய், ஒங்கப்பா காதுக்குள்ளயும் போயி அடிக்கிறாராடீ?”

பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

“ஆமா. அதுனாலதான் நீ பேசுறது எனக்குக் கேக்குது.”

டீச்சர் இசைக்கவையைத் தட்டினார். இரண்டு கால் உள்ள இரும்பு. தண்ணீரில் அதன் நுனியை வைத்தபோது தண்ணீர் தெறித்தது. காம்பை மேசையில் ஊன்றியபோது சத்தம் பெரிதானது. மேசையும் சேர்ந்து அதிர்வதால் அப்படி என்றார். காற்றைவிட மரத்திலும் இரும்பிலும் ஒலி விரைவாகப் போகும் என்றார். எங்களைக் காதைப் பொத்திக்கொண்டு மேசையைத் தொடச் சொன்னார். நான் ஒரு காதை விரலாலும் மற்றதைத் தோளாலும் அடைத்துக்கொண்டு உள்ளங்கையை வைத்தேன். சத்தம் போய்விட்டது. ஆனால் உள்ளங்கையில் எறும்பு ஊர்வது போல் ஒரு நடுக்கம் இருந்தது.

தங்கச்சி முதுகை ஒட்டிப் படுக்கிற தகரம் ஞாபகம் வந்தது. பயமோ அழுகையோ வரவில்லை. டீச்சர் சொன்னதைக் கொப்பியில் எழுதி முடித்தேன்.

மறுநாள் விடியுமுன் அப்பா முதல் அடி போட்டபோது நான் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கிர்ரென்று துள்ளியது. அதில் ஒட்டியிருந்த தங்கச்சியின் முதுகும் துள்ளியது. அவள் எழும்பி ஓடினாள்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் அவளை உள்ளே, மண்தரையில், அம்மா பக்கத்தில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். குளிருது என்று அம்மாவிடம் சொன்னேன். வேறு காரணம் சொல்லவில்லை.

காலையில் அப்பா தோலைக் காய்ச்சினார். முதல் அடி போட்டார். பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமினார்கள். அடுப்பில் சுள்ளி முறிக்கும் சத்தம் கேட்டது. தங்கச்சி வரவில்லை. அப்பா இன்னொரு அடி போட்டார். பிறகு வாசல் வரை வந்து, குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு அடித்தார். அம்மா எழும்பி உட்கார்ந்தாள். தங்கச்சி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

“அசந்து தூங்குறா,” என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தகரத்தைப் பார்த்தேன்.

“ஆமா,” என்றார் அப்பா. “அசந்துதான் தூங்குறா.” மற்ற லயங்களுக்கும் அடிக்க வேண்டியிருந்ததால் போய்விட்டார்.

அந்த வாரமே அவளைத் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குக் கூட்டிப் போனோம். டிஸ்பென்சர் ஐயா அவளுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார், மணி அடித்தார், தகரப் பேணிக் குவளையைக் கீழே போட்டார். பேணிக்கு மட்டும் அவள் திரும்பினாள். தரை பலகைத் தரை. பலகை அதிர்ந்ததுதான் என்று நான் சொன்னதும் அவளை நாற்காலியில் ஏற்றி, காலைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி போட்டார். அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காய்ச்சல்ல நரம்பு போயிருக்கும். மருந்து இல்ல,” என்றார். “கொழும்புப் பக்கம் இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு.”

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். “அங்க தமிழ்ல பேசுவாங்களாங்க?”

டிஸ்பென்சர் சிரித்துவிட்டார். “கேக்காத புள்ளைக்குத் தமிழ் என்ன, சிங்களம் என்ன?”

“அவளுக்கு இல்லைங்க. நான் பாக்கப் போனா யாருகிட்ட பேசி அவளக் கேப்பேன்?”

டிஸ்பென்சர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் அவளை அந்தப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

விஷயம் தெரிந்தால் வாத்தியார் அவளை முன்னால் உட்கார வைப்பார் என்று நான் நினைத்திருந்தேன். நானே போய்ச் சொன்னேன். செவிப்பறை, நரம்பு, தகரம் எல்லாம் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். அவருடைய முகம் உண்மையாகவே வாடிவிட்டது.

“பாவம், தெரியாம அடிச்சுட்டேனே. நாளையில இருந்து அனுப்ப வேணாம், வீட்டுல இருக்கட்டும்.”

“எழுதிக் காட்டுனா அவ எழுதுவா, சார்.”

“இத்தன புள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எப்பம்மா? நீ டீச்சராகி சொல்லிக் குடு.”

“சரிங்க சார்,” என்றேன்.

திமிர் பிடித்தவளாக இருந்தவரைக்கும் அவளுக்கு அந்த அறையில் இடம் இருந்தது. அடி விழுந்தாலும் இடம் இருந்தது. காது கேட்காது என்றதும் அது போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழுவி வைத்தேன்.

தங்கச்சி ஒரு கிழமை, ஏழே நாள்தான் உள்ளே படுத்தாள். பிறகு தானே சாக்கை இழுத்துக்கொண்டு போய்த் தகரத்தோரம் போட்டுக்கொண்டாள். அப்பா அன்றிலிருந்து தப்பைத் தகரத்துக்குக் கிட்டப் பிடித்து முதல் அடி போட்டார். அந்தத் தகரத்தில்தான் நான் கரியால் எழுத்துக் காட்டினேன். அவள் முதலில் எழுதிய சொல் தப்பு. எழுதிவிட்டு அப்பாவின் தப்பைத் தொட்டுக் காட்டுவாள். பொருள் தெரிந்தே எழுதினாள். தினமும் ‘ப்’பின் புள்ளியை விட்டுவிடுவாள், நான் வைப்பேன்.

நான் இப்போது ஆசிரியர் பயிற்சியை முடிக்கப்போகிறேன். எந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போடுவார்கள் என்று தெரியாது. போன லீவில் வீட்டுக்குப் போனபோது, எங்கே போட்டாலும் தங்கச்சியைக் கூட்டிப் போவேன், வயது கூடிவிட்டாலும் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வைப்பேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். இன்னும் விறைக்கவில்லை.

“அங்க தகரம் இருக்குமா?” என்று கேட்டார்.

“மேசை இருக்கும்பா,” என்றேன்.